கையில் நின்ற நீர்

விடியலின் மெல்லொளி விடுதியறைத் திரைச்சீலையைத் தொடுகிறது. குடியைத் துறந்தபின் ஒரு மெக்கானிக் மேற்கொண்டுள்ள முதல் வெளியூர்ப் பயணம் இது. எழுந்ததும் எவர்சில்வர் டம்ளரில் நீர் அருந்துவது அவர் நோற்கும் நோன்பு. கண்ணாடி டம்ளரை அவர் தொடுவதில்லை. அதன் வழவழப்பு விரல்களுக்குப் பழைய வழியைக் காட்டிவிடும். பையைத் துழாவுகிறார், டம்ளர் இல்லை. மேசைமேல் கண்ணாடி டம்ளர் மின்னுகிறது. மேசையடியில், மதுப்புட்டிகள் நிறைந்த சிறு குளிர்பெட்டி முரல்கிறது. கைபேசியில் மனைவி அழைக்கிறாள். “உங்க டம்ளர் இங்க அடுப்பு மேடையில நின்னு என்னை முறைக்குதுங்க.” “இங்க கண்ணாடி கிளாஸ் என்னை முறைக்குது.” அவள் சிரிக்கவில்லை. “ரெண்டு கை இருக்குல்ல? அதுல பிடிச்சுக் குடிங்க.” கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கழுவுதொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுக் குழாயைத் திறக்கிறார். குடித்த நாள்களில் தேநீர்க் கோப்பையைக்கூடத் தளும்பாமல் ஏந்த அறியாதிருந்த கைகள், மலர் ஏந்துவனபோல் குவிகின்றன. நீர் நடுங்குகிறது, பின் அடங்குகிறது, சன்னலின் வெளிச்சம் அதில் வந்து அமர்கிறது. குனிந்து பருகுகிறார். “என்னங்க, சிந்திடுச்சா?” என்கிறாள். வாய் நிறைய நீர். விழுங்கும் ஒலி கேட்கும்வரை அவள் காத்திருக்கிறாள்.