மூன்றாவது தட்டல்

பந்தியிலிருந்து கொண்டுவந்த வடைப் பொட்டலத்தை அவன், மண்டபத்தைக் குளிரூட்டும் சில்லர் இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டிமேல் வைத்தான்.

“எண்ணித்தான் வெச்சிருக்கறேன் அம்மிணி. ஒண்ணு கொறஞ்சாலும் தெரியும்.”

“ஆருக்கு வேணும் உங்க வடை. போயிட்டுச் சீக்கிரம் வாங்க.”

ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சண்டைக்குப் போகிறவன் மாதிரி படியேறினான்.

மேலே கல்யாணம் முடிந்து மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தது. மேளக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். வெறும் நாற்காலிகளுக்குக் குளிர் எதற்கு.

அடித்தளத்தில், லாரி அளவுக்கு நின்றிருந்த அந்த இயந்திரத்தின் முன் வந்து அவள் பொத்தானை அழுத்தினாள்.

கம்ப்ரசரின் இரைச்சல் இறங்கியது. யானை படுப்பதுபோல, அவசரமில்லாமல்.

பம்புகளை அவள் தொடவில்லை. கம்ப்ரசரோடு சேர்த்துத் தண்ணீரையும் நிறுத்தினால், உள்ளே தேங்கியது உறைந்து குழாய்களைப் பிளந்துவிடும். இயந்திரம் நின்ற பிறகும் தண்ணீர் கொஞ்ச நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். ஐடிஐயில் ஒரே வகுப்பில் இருவரும் படித்தது. பரீட்சையில் அவள் எழுதியதைப் பார்த்து அவன் எழுதியதும் அதைத்தான்.

மொட்டைமாடியில் சில்லரின் சூட்டை ஆற்றும் கூலிங் டவரின் விசிறிகளை நிறுத்துவது அவன் வேலை. அடித்தளத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் மாடியிலிருந்து இறங்கும் குழாயை ஸ்பேனரால் தட்டுவான். இரண்டு தட்டினால் விசிறிகள் நின்றுவிட்டன, டவர் பம்பை நிறுத்தலாம் என்று பொருள்.

அவள் குழாயில் காதை வைத்தாள்.

டங். டங்.

கொஞ்சம் விட்டு, மெதுவாக இன்னொன்று.

மூன்றாவதற்குப் பொருள் கிடையாது. அவர்கள் இருவருக்கும் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. எதற்கு என்று ஒருமுறை கேட்டாள். “சும்மா” என்றான். காதுமடல் சிவந்திருந்தது. அதற்குப்பின் அவள் கேட்கவில்லை.

டவர் பம்பை நிறுத்தினாள். குளிர்நீர் பம்பைக் கடைசியாக நிறுத்தினாள். அறை அடங்கியது.

பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

வடை ஆறவில்லை.

அவன் வரவில்லை.

அவள் தேடிப் படியேறியபோது, மாடிக்கதவை ஒட்டிய படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஸ்பேனர் மடியில் இருந்தது. படியேறிய களைப்பில் கொஞ்சம் உட்கார்ந்தவன் மாதிரிதான் இருந்தான். நெஞ்சு நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வடைப் பொட்டலத்தை மறுநாள் வாட்ச்மேன்தான் பார்த்திருக்கிறார். துக்கம் கேட்க வந்தவர் அதையும் சொன்னார்.

“காஞ்சு கல்லாட்டம் ஆயிருச்சுங்க. ஆனா சூடு மட்டும் போகலீங்க.”

சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழித்தார்.

அத்தனை பேர் நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எண்ணிப் பார்த்தாரா என்று கேட்க நினைத்தாள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. இயந்திரம் சும்மா நின்றது. அவளும்தான்.

ஆவணி பிறந்ததும் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கீழே வேறு ஆளைப் போடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் பயம் வந்தது. ஓட்டுவதில் இல்லை. நிறுத்துவதில்.

மாடி வேலைக்குச் சென்னியப்பன் புதிதாக வந்தான். இரண்டு தட்ட வேண்டும் என்று அவனுக்குச் சொன்னாள். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் முகூர்த்தத்தில் பந்தி முடிந்தது. மேளக்காரர்கள் போனார்கள். சென்னியப்பன் ஸ்பேனரோடு படியேறினான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். இரைச்சல் இறங்கியது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

குழாயில் காதை வைத்தாள்.

டங். டங்.

கை சுவிட்சுக்குப் போகவில்லை.

பம்ப் கூடுதலாகக் கொஞ்ச நேரம் ஓடினால் கெடுதல் இல்லை. அவசரப்பட்டால்தான் கெடுதல். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எதற்காக நிற்கிறோம் என்பது தெரிந்தே இருந்தது. கன்னத்தில் குழாய் அதிர்ந்துகொண்டிருந்தது.

டங்.

கண்களை மூடிக்கொண்டாள்.

டங்.

நான்காவது. காதில் விழவில்லையோ என்று சென்னியப்பன் மறுபடியும் இரண்டு தட்டுகிறான்.

இருக்கட்டும். நான்காவது வரும்வரை அது மூன்றாவதாக இருந்தது.

டவர் பம்பை நிறுத்தினாள். பிறகு குளிர்நீர் பம்பை. எதுவும் உறையவில்லை, எதுவும் வெடிக்கவில்லை.

கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துக் குழாயில் ஒரே ஒருமுறை தட்டினாள்.

சென்னியப்பன் மூச்சிரைக்க இறங்கிவந்தான். வரும் வழியில் பந்திக்கூடத்தில் எடுத்த வடைப் பொட்டலம் கையில் இருந்தது.

“ஏங்க்கா, கீழிருந்து ஒரு சத்தம் வந்துச்சே. அதுக்கு என்னங்க அர்த்தம்?”

“சும்மா” என்றாள்.

அவன் தலையாட்டினான். பொட்டலத்தை நீட்டினான்.

“ஆறிப்போச்சுங்க்கா.”

அவள் அதை வாங்கி வைத்தாள், வழக்கமான இடத்தில்.

சுவிட்சுப் பலகையில் எல்லா விளக்குகளும் அணைந்திருந்தன, ஒன்றைத் தவிர. அது எண்ணெய் ஹீட்டருடையது. சில்லர் ஓடினாலும் நின்றாலும் எண்ணெய் ஆறக்கூடாது. அதை யாரும் அணைப்பதில்லை.

தொட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

இளஞ்சூடு.