வேறொரு கணினி

ஆடி முடிய இரண்டு நாள் இருந்தது. பழுதான கணினியில் இயங்குதளத்தை மறுபடி நிறுவிக்கொண்டிருந்தான் கணினி பழுதுபார்க்கும் பிரிட்டோ. அஞ்சலிச் சுவரொட்டிக்கு வேண்டிய படம் அதற்குள்தான் இருந்தது. போன ஆடியில் ஆற்றுக்குக் குளிக்கப் போன கதிரேசன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நாளைக்குக் காரியத்தை முடித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதற்கு அவன் மனைவி மங்கையர்க்கரசி தலையாட்டியிருந்தாள்.

கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த உரிமச் சாவியின் எழுத்துகளைப் பார்த்து பிரிட்டோ தட்டினான். ஏற்கவில்லை. மறுபடியும் தட்டினான்.

"இந்தச் சாவி வேற கம்ப்யூட்டர்ல ஓடிட்டிருக்குன்னு வருதுக்கா. அண்ணன் யாருக்காவது ஓசில தூக்கிக் குடுத்திருப்பாரு."

"அவராவது குடுக்கிறதாவது! கூடப்பொறந்த தம்பி கேட்டதுக்கே கையை விரிச்சவரு."

அந்த எழுத்துகள் கதிரேசனுக்கு மனப்பாடம். கணினி பழுதாகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சுலோகம்போல் முணுமுணுத்தபடி தட்டுவான். பிறர் பார்க்காதபடி அதன்மேல் கறுப்பு டேப்பையும் ஒட்டிவைத்திருந்தான். அந்த டேப்பை இன்றைக்குத்தான் பிரிட்டோ உரித்தான்.

உதவி எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். பேசிய பெண் மங்கையர்க்கரசியிடம் சாவியைக் கேட்டுச் சரிபார்த்தாள்.

"போன வாரந்தான் இன்னொரு சிஸ்டத்துல போட்டிருக்கீங்க மேடம். அது நீங்க இல்லையா?"

மங்கையர்க்கரசி நிமிர்ந்து பிரிட்டோவைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு உடைப்பதற்கென்று நாத்தனார் மாட்டிவிட்ட கண்ணாடி வளையல்கள் குலுங்காமல் ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, போனுக்கு அருகே குனிந்தாள்.

"அந்த கம்ப்யூட்டரு எந்த ஊர்லம்மா இருக்கு?"