இரண்டு நாள் பற்றறி

"மஹ்றூப் நானா, நீங்கள் பற்றறி விக்கிறியளோ, கரிக்கட்டை விக்கிறியளோ?"

அக்கராயன் சந்தியே திரும்பிப் பார்க்கும்படி கடை வாசலில் நின்று கத்தினார் தில்லைநாதன்.

ஊரில் படம் பிடிக்கிறவர் அவர் ஒருவர்தான். கமெரா பழையது. அதன் பிளாஷுக்கு, ரோச் லைற்றுக்குப் போடும் அதே பெரிய பற்றறி இரண்டு வேண்டும். புதிதாக வாங்கிப் போட்டாலும் இரண்டே நாளில் படுத்துவிடுகிறது.

போன கலியாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்து பிளாஷ் எரியாமல் விட்டது. தில்லைநாதன் சற்றும் யோசிக்காமல், தாலியை அவிழ்த்து இன்னொரு முறை கட்டும்படி மாப்பிள்ளையிடம் சொன்னார். பெண்ணின் தகப்பன் அடிக்க வந்துவிட்டார். நாளைக்குப் பூவரசங்குளத்தில் கலியாணம். அங்கேயும் பிளாஷ் எரியாவிட்டால் இனி ஒருவரும் அவரைக் கூப்பிடப் போவதில்லை.

"சரக்குப் புதுசு அண்ணை. வெயிலிலை வைச்சுப் பார்த்தியளோ?"

"மிளகாயோடை சுளகிலை காயப் போட்டனான். மிளகாய்தான் காய்ஞ்சுது."

"பிளாஷுக்குள்ளை இருக்கிற பித்தளைத் தகட்டை மினுக்கினியளோ?"

"புளி போட்டு மினுக்கியாச்சு. பக்கத்து வீட்டுச் செல்வநாயகத்தின்ர ரோச்சைப் பாருங்கோ, இரவிரவா வயல் முழுக்க எரியுது. அவனுக்கு நல்லதைக் குடுத்துப்போட்டு எனக்குப் பழசைத் தள்ளுறியளோ?"

செல்வநாயகம் விடிய விடிய வயலில் நின்று பன்றி கலைக்கிறவர். கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன மனிதர். தில்லைநாதனுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. முறுக்கு மீசையோடு இருக்கும் தன்னுடைய படத்தைச் சுளகளவுக்குப் பெருப்பித்து வயல் வரம்பில் நட்டு வைத்திருந்தார். அன்று தொடக்கம் ஒரு பன்றியும் அவர் வயலில் கால் வைக்கவில்லை. "என்ர முழிக்கு யானையே திரும்பும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மஹ்றூப் தலையைச் சொறிந்தார்.

"செல்வநாயகம் மூண்டு மாசமா என்னட்டைப் பற்றறி வாங்கேல்லையே. அது கிடக்கட்டும். முந்தநாள் வாங்கேக்கை, மாறிப் போகும் எண்டு ஆணியாலை 'தி' கீறினியள். அது எங்கை?"

தில்லைநாதன் கையிலிருந்த பற்றறிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் 'தி' இல்லை.

அவருடைய சைக்கிள் நேரே செல்வநாயகத்தின் படலையில் போய் நின்றது.

இராக் கண்விழித்த செல்வநாயகம் பாயில் படுத்திருந்தார். தலைமாட்டில் ரோச் கிடந்தது. தில்லைநாதன் அதை எடுத்துத் திருகினார். உள்ளேயிருந்து விழுந்த இரண்டு பற்றறியிலும் 'தி' இருந்தது.

"கள்ளன்! நாளைக்கு என்ர மானம் போகப் போகுது, நீ என்ர பற்றறியிலை வெளிச்சம் அடிக்கிறியோ?"

சத்தம் கேட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடி வந்தாள் தில்லைநாதனின் மனைவி இராசமலர்.

"இஞ்சாருங்கோ, அவரைப் பேசாதையுங்கோ! ஒவ்வொரு முறையும் நான்தான் மாத்திக் குடுக்கிறனான். நீங்கள் குறட்டை விட, எங்கட வயலிலையும் அந்த மனிசன்தானே நிண்டு பன்றி கலைக்குது? ஒரு தேத்தண்ணிகூடக் கேட்டதில்லை. பற்றறியாவது குடுக்க வேண்டாமே?"

தில்லைநாதனுக்கு முகம் கறுத்துப்போனது. பூமிக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. மெல்லிய குரலில் கேட்டார்:

"அப்ப... என்ர படம்?"

செல்வநாயகம் அவசரமாக எழுந்து உட்கார்ந்து, கட்டிய தொண்டையைச் செருமினார்.

"படத்திலை ஒரு குறையுமில்லை அண்ணை. இருட்டிலை உங்கட முகம் பன்றிக்குத் தெரிய வேண்டாமோ? அதுக்குத்தான் நான் பக்கத்திலை நிண்டு ரோச் அடிச்சுக் காட்டுறனான்."