நாலு மணி மேகம்

ஃப்ரீமான்ட் வீட்டுச் சமையலறை மேசையில் தஹ்ஸீனின் லேப்டாப் திறந்திருக்கிறது. அலாஸ்காவின் வடகோடியில் அவள் கணவன் ஜுஹைர் பார்த்துக்கொள்ளும் கருவி, தரையையொட்டி மிதக்கும் பனித்துகள் மேகங்களைப் படமாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பதினொரு நாளாகச் சரியாக மாலை நாலு மணிக்கு ஒரு வெள்ளைக் கீற்று. புது வகை மேகம் என்று இருவரும் வேலை செய்யும் ஆராய்ச்சிக் குழுவில் எல்லோருக்கும் குஷி; கட்டுரைகூட எழுதியாயிற்று. தஹ்ஸீனுக்கு மட்டும் உறுத்துகிறது. மேகம் எங்கேயாவது மணி பார்த்து வருமா? நாலு அடிக்கிறது. தினமும் இதே நேரத்துக்கு வரும் வீடியோ கால்; போனில் ஜுஹைர், புருவத்தில் இன்னும் கரையாத பனி. மகள் இனாயா ஓடி வந்து எட்டிப் பார்க்கிறாள். "வாப்பா, ஆர் யூ கோல்ட்?" "இல்லம்மா, வண்டில ஹீட்டர் ஓடுது." அவன் குரலுக்கு அடியில் என்ஜின் உறுமுகிறது. லேப்டாப்பில் கீற்று மெல்லத் தலைகாட்டுகிறது. "என்னங்க, வண்டிய எங்க பார்க் பண்ணியிருக்கீங்க?" "மெஷின் பக்கத்துலதான். இங்கதான் சிக்னல் கிடைக்குது." மைனஸ் நாற்பதில், புகைக்குழாயின் நீராவி வெளியே வந்ததுமே பனித்துகளாகிவிடும். "என்ஜின ஆஃப் பண்ணுங்க." அவன் ஏனென்று கேட்காமல் அணைக்கிறான். இனாயா ஸ்கூல் கதையை ஆரம்பிக்கிறாள். ஜுஹைருக்குப் பல் தந்தியடிக்கிறது. ஆனாலும் சிரித்துச் சிரித்துக் கேட்கிறான். லேப்டாப்பில் மங்கத் தொடங்கிய கீற்று முழுசாக மறையும்வரை தஹ்ஸீன் அதிலிருந்து கண்ணெடுத்து அவன் முகத்தைப் பார்ப்பதாக இல்லை.