மரத்தடியில் ஓர் இடம்

டமார் என்று தண்ணீர் வாளி கல்லில் இடித்துக் கவிழ்ந்தது. சதாயோ திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"தூங்கிக்கிட்டே தேய்க்கிறியா? அழுத்தித் தேய். உன் பேருதானே அது!" கைத்தடியை ஊன்றியபடி அதட்டினாள் மாமியார் உமேனோ.

ஆமாம், அவள் பெயர்தான். சதாயோ தேய்த்துக்கொண்டிருந்தது தன்னுடைய கல்லறையை.

குரோகி குடும்பத்துக் கல்லில், மாமனாரின் பெயருக்குக் கீழே உமேனோ, ஷோஜி, சதாயோ என்று மூன்று பெயர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தன. இன்னும் உயிரோடு இருப்பவர்கள் என்பதால் மூன்றுக்கும் சிவப்புச் சாயம். ஆள் போனதும் சிவப்பைச் சுரண்டிவிட்டு அஸ்திக் கலசத்தைக் கல்லுக்கு அடியில் இறக்கிவிடுவார்கள். பெயரை வெட்டச் சொன்னது மாமியார். சதாயோவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"உன் மாமனாருக்கு அழுக்குன்னா ஆகாது. காலத்துக்கும் அவர் பக்கத்துல இருக்கப்போறவ நீ. இப்பவே பழகிக்க."

"சரிங்க அத்தை."

கோடை முடிந்து முன்னோரைக் கும்பிடும் வாரம் அது. கனசாவா நகரில் சில்வண்டுகள் ஓய்ந்து, கல்லறைகளுக்கு நடுவே சிவப்பு லில்லிகள் தலைகாட்டியிருந்தன. வெயில் மட்டும் குறையவில்லை. ஆனாலும் மின்விசிறி நேற்றே அலமாரிக்குள் போய்விட்டது. அந்த வீட்டில் கோடை எப்போது முடிகிறது என்பதையும் மாமியார்தான் முடிவு செய்வாள்.

சூப்பில் எவ்வளவு உப்பு, குளியல் தொட்டியில் யார் முதலில் இறங்குவது, துணியை எந்தக் கொடியில் போடுவது... முப்பது வருஷமாக எல்லாம் அவள் சொன்னபடிதான். செத்த பிறகும் ஒரே கல்லுக்கு அடியில் அவளோடுதானா? நினைத்தாலே சதாயோவுக்கு மூச்சு முட்டியது.

ஊதுபத்தி வைக்க மாமியார் குனிந்தாள். அவள் கைப்பையின் மடிப்பிலிருந்து மிளகளவு ஆரஞ்சுப் பூக்கள் நாலைந்து உதிர்ந்தன. இனிப்பான ஒரு மணம் வந்தது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருப்பதெல்லாம் பைன் மரங்கள்தான். கிழவி எங்கே போய்ச் சுற்றினாளோ என்று நினைத்தபடி, சதாயோ பூக்களையும் சேர்த்துக் கழுவிவிட்டாள்.

சாயங்காலம் கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். "ஏங்க, நான் அந்தக் கல்லுக்குக் கீழ வரமாட்டேன்."

பயறு பூசிய சோற்று உருண்டையை மென்றபடி பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தான் ஷோஜி. "செத்தப்புறம் எங்க கிடந்தா என்ன? அங்க வந்தும் உப்பு பத்தலைன்னா சொல்லப்போறாங்க அம்மா?"

"சொல்லுவாங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "பல் டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன், அத்தை."

"போ, போ. அவசரமில்ல. நிதானமா வா."

எந்த டாக்டர், எந்தப் பல், எத்தனை மணிக்குத் திரும்புவே என்று குடைந்தெடுக்கும் மாமியார், அன்று ஒன்றுமே கேட்கவில்லை. தப்பித்தோம் என்று சதாயோ நடையைக் கட்டினாள்.

பஸ் மாறி, ஆற்றுக்கு அந்தப்புறம் இருந்த சிறிய புத்தர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலறையில் பிட்சு தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"இங்க குடும்பக் கல்லெல்லாம் கிடையாதும்மா. பின்பக்கம் ஒரு மரம். அதைச் சுத்தி அஸ்தி புதைக்க ஆளுக்கு ஒரு இடம். புருஷன் பேரு வேண்டாம், பிறந்த வீட்டுப் பேரே போதும். ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருக்கு."

"வீட்டுக்கு ஃபோன் கீன் பண்ணிடாதீங்க, சாமி."

பிட்சு சிரித்தார். "வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. உங்களுக்குப் பக்கத்து இடம் எடுத்த அம்மாவும் அப்படித்தான். 'குடும்பத்துக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தது போதும், இனிமேலாவது என்னைத் தனியா விடுங்க'ன்னு கண் கலங்கினாங்க. வீட்டுல யாரோ ரொம்பப் படுத்தறாங்க போல."

"பாவம்!" என்றாள் சதாயோ மனதார.

"ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கங்க. முத்திரை குத்திட்டா அப்புறம் மாத்த முடியாது."

"எதுக்கு மாத்தணும்?" பிறந்த வீட்டுப் பெயர் பொறித்த முத்திரையைக் கைப்பையிலிருந்து எடுத்து, மையில் தொட்டு, பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாக அழுத்திக் குத்தினாள். கல்யாணத்துக்குப் பிறகு யாரையும் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம்.

"அந்த அம்மாகூட இப்பத்தான் டாக்ஸியில வந்து இறங்கினாங்க. மரத்தடியில இருப்பாங்க. போய்ப் பேசிட்டு வாங்க. காலத்துக்கும் பக்கத்துல இருக்கப்போறவங்க, இப்பவே பழகிக்கங்க."

சதாயோ பின்பக்கம் நடந்தாள். நெஞ்சு லேசாகியிருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மூச்சை ஆழமாக இழுத்துவிட்டாள்.

இனிப்பான மணம். மரம் முழுக்க மிளகளவு ஆரஞ்சுப் பூக்கள். இந்த மணத்தை நேற்றுத்தானே எங்கேயோ...

பெஞ்சில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த கிழவி, காலடிச் சத்தம் கேட்டுக் கைத்தடியை ஊன்றித் திரும்பினாள்.

"ஐயய்யோ! இங்கயும் நீதானா?"