சந்தனம் பூசிய பேட்டரி

சாவியைத் திருப்பினால் வண்டி ‘டிக்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால், நீங்கள் முதலில் யாரைத் திட்டுவீர்கள்? அந்தப் பிக்கப் வண்டிக்குள்ளே எல்லாரும் எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டரைத்தான் திட்டினார்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அது. பின்னால் கூடை கூடையாகத் தக்காளி. வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போகாவிட்டால் அத்தனையும் ரசம்தான்.

“பல்லி மாதிரி சத்தம் மட்டும் போடுறியே, உடம்பு வளைஞ்சு சுத்தினா என்னடா?” என்றது பேட்டரி.

“கரண்டு வந்தாத்தானே அண்ணே சுத்த முடியும்? நீங்க அனுப்புறது எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு,” என்றது ஸ்டார்ட்டர்.

“எனக்கென்னடா குறை? நேத்துதான் சார்ஜ் ஏத்தி, ஒயரைக் கழட்டி, குளிப்பாட்டி, முகத்துல குங்குமம் வச்சு, தலையில சந்தனம் பூசினாங்க!”

“பூசிட்டு அதுக்கு மேலேயே என்னை மாட்டிட்டாங்க,” என்றது நடுவில் இருந்த ஒயர். “உங்க தலைக்கும் எனக்கும் நடுவுல அடை கனத்துக்குக் காஞ்சு கிடக்குண்ணே. அதைச் சுரண்டினாத்தான் கரண்டு வரும்.”

“பூஜைச் சந்தனத்தைச் சுரண்டுறதா? சாமி குத்தம்டா!” என்று பதறியது பேட்டரி.

டிரைவர் மறுபடி சாவியைத் திருப்பினார். டிக். பின்னால் அடிக்கூடைத் தக்காளி ஒன்று பொத்தென்று வெடித்தது.

“ஐயோ, அக்கா போயிட்டா!” என்று மற்ற தக்காளிகள் ஒப்பாரி வைத்தன.

பேட்டரி வேறு யாருக்கும் கேட்காமல் ஒயரிடம் சொன்னது:

“தம்பி, கொஞ்சம் அசைஞ்சு கொடுத்துச் சுரண்டிவிடு. முகத்துல வச்ச குங்குமத்தை மட்டும் தொட்டுடாதே.”