இளவேனிலை அழைத்தவள்

மரங்கள் தாமாகப் பூப்பதை நிறுத்திய பிறகு, ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்பும் பங்குனியில் ஒரு மந்திரக்காரியை வைத்துத்தான் இளவேனிலை வரவழைத்தது. இந்த வருடம் மொட்டை மாடியில் நெருப்பைச் சுற்றி நின்ற பெண்களில், அழைக்கும் குரலாகத் தமயந்தியின் மகள் இதழினியைத் தேர்ந்தெடுத்தாள் மந்திரக்காரி ஜெயரூபி.

விடிந்தபோது தெருவெங்கும் வேம்பு பூத்துக் குலுங்கியது. ஜனங்கள் இறங்கி ஆடினார்கள். இதழினி மட்டும் கண்ணைத் திறந்தபடி கட்டிலில் கிடந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. அவள் மூச்சில் வேப்பம்பூ மணந்தது. ஜன்னல் வழியே வந்த தேனீக்கள் அவள் உதட்டில் உட்கார்ந்து, வாய்க்குள் போய்ப் போய் வந்தன.

தமயந்தி ஜெயரூபியிடம் ஓடினாள்.

"எம்பொண்ணு எப்ப எந்திரிப்பா?"

"பூ உதிர்ந்தா எந்திரிச்சிருவாக்கா."

"எப்ப உதிரும்?"

ஜெயரூபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நெருப்பு எரியுற வரைக்கும் உதிராது. இந்தத் தடவை அணைக்கவே வேணாம்னு குடியிருப்பு சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க."

தமயந்தி வாளி நிறையத் தண்ணீரோடு மாடியேறினாள். விறகு போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். "எல்லாம் உங்க பொண்ணு புண்ணியம்மா!"

அவள் அவரைத் தாண்டிப் போனாள். தண்ணீரை அப்படியே நெருப்பில் கொட்டினாள். கீழே அத்தனை மரங்களும் ஒரே நேரத்தில் பூவை உதிர்த்தன. ஆட்டம் நின்று, யாரோ ஓலமிட்டார்கள்.

தமயந்தி வீட்டுக்குள் ஓடியபோது இதழினி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, பசிக்குது."

படிக்கட்டில் பல காலடிச் சத்தங்கள் ஏறி வந்தன. தமயந்தி கதவைத் தாழிட்டுவிட்டு, அடுப்பில் தோசைக்கல்லை வைத்தாள்.